அவள் நேர்ந்தாள், நான் நடந்தேன்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. அவள் பிழைத்தால் என் புருஷன் கல்முனையிலிருந்து ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவார் என்று மனைவி நேர்ந்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ்ஸில் வருவதாக நேரச் சொல்லியிருப்பேன். பிள்ளை எழும்பிவிட்டாள். ஆனால் நேர்த்தி முடியும்வரை அவள் வாசற்படலையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் காய்ச்சல் திரும்பும் என்பது மனைவியின் சட்டம்.

முப்பது மைலுக்கு மேல். என்னுடையதோ கந்தோரில் கோப்புகளோடு உட்கார்ந்து கதிரை தேய்த்த உடம்பு. செபமாலை சொல்லிப் போன கூட்டத்தில், புறப்படும்போது முன்னால் நின்றேன். நீலாவணையில் கடைசி ஆள். கல்லாற்றுப் பாலத்தில் கூட்டமே கண்ணில் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் குந்திவிட்டேன்.

சிறுபோக நெல் மூட்டைகளோடு ஓர் உழவு இயந்திரம் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எங்கள் வீட்டுக்கு அரிசி தரும் நற்பிட்டிமுனை முஸ்லிம் பெரியவர்; காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“என்ன தம்பி, செருப்பும் இல்லாம? ஏறுங்க, மட்டக்களப்புக்குத்தான் போறன்.”

ஏறினேன். மூன்று மைல் போய்க் கூட்டத்தைப் பிடித்தபோது மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். தலையைத் தூக்கினால் காக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆக்களோட கோவமா?”

“இல்ல காக்கா. நானும் அவங்களோட நடக்கவேண்டிய ஆள்தான். மகள்ட காய்ச்சலுக்கு நேர்த்தி.”

அவர் வண்டியை நிறுத்தியே விட்டார். “றப்பே! நேர்ச்சையில கள்ளமா? புள்ளைட உசிரு தம்பி! என்னையும் சேத்தெல்லோ மாட்டப் பாத்தீங்க!”

“சரி, இங்க இருந்து நடக்கிறன்.”

“அப்ப அந்த மூணு மைல ஆரு நடக்கிற?”

வண்டியைத் திருப்பினார். கூட்டத்தை மறுபடி கடந்தோம். நான் மறுபடி படுத்தேன். பாலத்தில் இறங்கப் போனவனை விடவில்லை. “இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. அந்தக் கல்லுலதானே இருந்தீங்க.”

இறங்கினேன். “பையத் தாங்க, அவங்கட கையில குடுத்திட்டுப் போறன். பை ஒண்டும் நேரல்லத்தானே” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கால், தார், கால், தார். மறுநாள் பின்னேரம் மாதாவின் முன் முழங்காலில் விழுந்தவனை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

திரும்பியது பஸ்ஸில். அதற்கு நேர்த்தியில் தடையில்லை.

“முழுக்க நடந்தீங்களா?” என்றாள் மனைவி.

“முழுக்க.”

இவ்வளவு சுருக்கமாக நான் பதில் சொன்னதில்லை. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்னைக் கதிரையில் இருத்திப் பாதங்களைத் தூக்கிப் பார்த்தாள். கொப்புளங்கள் உடைந்து மண் ஒட்டியிருந்தது. எழும்பிப் போய்ப் படலையைத் திறந்துவிட்டாள். மகள் என்னைத் தாண்டி ஓடினாள்.