பூட்டுமுன் ஒரு குரல்

இதைக் கதை என்று எண்ணிப் படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம், எனக்கு மறுப்பில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரியை ஒட்டிய வயல்களை மனைகளாக்கி ஒரு நிறுவனம் தனிவீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. அறுபது வயதைக் கடந்தபின் அங்கே சாவிப் பொறுப்பில் சேர்ந்தேன். ஒவ்வொரு காலையும் அனைவரும் வட்டமாக நின்று, "நாம் ஒரே குடும்பம்" என்று கைதட்டிச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அலுவலகத்தார் குளிரூட்டிய அறைக்குள் போய்விடுவார்கள். மற்றவர்கள் வெயிலுக்குப் போவார்கள். நான் இரண்டு பக்கத்திலும் சேர்த்தியில்லை. மதியம் என்னுடன் உட்கார்ந்து சாப்பிட்டவள், வீடுகளைக் கழுவித் துடைக்கும் செவ்வந்தி மட்டுமே.

"இன்னாம்மா, இன்னிக்கும் தயிர் சோறா? உங்க நாக்கு இன்னா பாவம் பண்ணிச்சி?" என்பாள்.

என் வீட்டில் பேச ஆளில்லை. அந்தப் பேச்சுக்காகவே வேலைக்குப் போனேன்.

நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த வீட்டின் குளிர்ந்த தரையில் வேலையாட்கள் அயர்ந்து தூங்கிவிடுவார்கள். ஆகவே பூட்டுமுன் வாசலில் நின்று, "உள்ளே யாரு?" என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால், அந்த ஆள் வெளியே வரும்வரை பூட்டக் கூடாது.

அன்று மாலை கடைசி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அதற்குப் புதுமனை புகுவிழா. மின் இணைப்பு இன்னும் கொடுக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. வழக்கப்படி குரல் கொடுத்தேன்.

"தோ வரேம்மா."

செவ்வந்தியின் குரல். காத்திருந்தேன். அவள் வரவில்லை...

உள்ளே போனேன். சுவரின் வெள்ளைப் பட்டிப் பூச்சைத் தேய்த்த தூள், தரையெங்கும் மாவுபோல் படிந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் காலடித் தடங்கள் மட்டுமே தெரிந்தன.

"எங்கடி இருக்கே?"

"சமையக்கட்லம்மா."

சமையலறையில் யாருமில்லை.

சளப்... சளப்... மாடிப்படியில் ஈரத்துணி இழுபடும் ஓசை.

"மேல வாங்கம்மா."

முதற்படியில் கால் வைத்தேன். கைப்பேசி ஒலித்தது.

"அம்மா, செவ்வந்தி பேசறேன். வாலாஜாபாத்ல எறங்கிட்டேன். என் சோத்துத் தூக்கு அங்க கீதான்னு பாருங்க."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் மேலே பார்த்தேன்.

மாடியிலிருந்து அதே குரல்... மெதுவாக...

"போன வைங்கம்மா. வூட்டுக்குப் போயி இன்னா பண்ணப் போறீங்க? அங்க யாரு கீறாங்க?"

ஓடினேன்.

பூட்டவில்லை.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. விடிந்ததும் அந்த வீட்டைக் கழுவ வருபவள் செவ்வந்தி. தனியாக வருவாள். அவளை மீண்டும் மீண்டும் அழைத்தேன். அவள் கைப்பேசி அணைந்திருந்தது.

முதல் பேருந்தில் திரும்பிப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே பேச்சு... சிரிப்பு...

"செவ்வந்தி, வெளியே வா."

துடைப்பத்துடன் வந்தாள். உயிரோடு வந்தாள். கையைப் பற்றி வெளியே இழுத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திரும்பி மாடியைப் பார்த்தாள்.

"நீங்க எப்பம்மா கீழ எறங்கினீங்க?"

"நான் இப்பதான் பஸ்லேருந்து வரேன்."

"இம்மா நேரம் உங்களாண்டதான பேசிக்கினு இருந்தேன்..."

"என்ன சொன்னேன்?"

அவள் கை சில்லிட்டிருந்தது.

"தனியா இருக்க முடியல, நீயும் இங்கியே இருந்துடுன்னீங்க. பாவமா இருந்திச்சி."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னுட்டேம்மா."