முப்பத்தேழு உறவினர்களும் ஒரு கையுறையும்

“இதில் என் பெயர் எது?”

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு. பாரிஸ் புறநகரான லா கூர்நெவ் பூங்காவில் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. கையில் நாங்கள் அச்சடித்த நினைவு மலர். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். பிரச்சினையே அதுதான்!

நான் என்ன பதில் சொன்னேன்? இருங்கள், முதலில் ரமோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் பக்கம் வீடு மாறியவர்களுக்கு ரமோனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டொமினிக்கன் குடியரசுக்காரர். இளமையில் அங்கே பேர்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர். பாரிஸில் வீட்டுச் சாமான் ஏற்றும் வேன் ஓட்டினார். வாரநாட்களில் கம்பெனிக்கு, ஞாயிறுகளில் நமக்கு. பொண்டிக்குப் போகவேண்டுமா? எபினேக்கா? லெ பிளாங்-மெனிலுக்கா? போனில் “வாறன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்து நிற்பார். கைமாறு? ஒரு கொத்துரொட்டி. அதுவும் உறைப்புக் கூட்டி.

வதிவிட அட்டைக்காக நிற்கும் பிரிஃபெக்சர் வரிசையிலும் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. பேப்பர் இல்லாத யாரோ ஒருவருக்குத் துணையாக நிற்பார். ஏன் என்று கேட்டால், “தனியாக நின்றால் வரிசை நீளமாகத் தெரியும்” என்பார்.

சாமான் இறக்கிய கையோடு பூங்காவுக்கு வந்து நமக்கெல்லாம் பேஸ்பால் பழக்கினார். ஊரில் எல்லே என்ற மட்டைப்பந்து விளையாடியவர்களுக்கு அது சட்டென்று பிடிபட்டது. மற்றவர்களுக்கு? இன்றுவரை இல்லை. ரமோன் நின்ற இடம் கேட்சர் — மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். மளிகைக்கடைக் குலம் அண்ணை அதற்குத் தந்த விளக்கம்: “விக்கெட் கீப்பர்தான். விக்கெட்டை ஆரோ களவெடுத்துக்கொண்டு போட்டாங்கள்.”

விதி தெரியாவிட்டால் என்ன, விசிறியாக இருக்க முடியாதா? எல்லைக் கோட்டுக்கு வெளியே நாற்பது பேர் நின்று “சிக்ஸர்!” என்று கத்துவோம். ரமோன் முகமூடியைத் தூக்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். முதலாம் ஆண்டு நினைவைச் சும்மா விடுவோமா? கமிட்டி போட்டோம். குலம் அண்ணை தலைவர். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற புதுச்சேரி மொனிக் மேடம் துணைத் தலைவர். பிரெஞ்சு மெயில் பிழையில்லாமல் எழுதுவதால் நான் செயலாளர்.

முதல் தீர்மானம் — கல்வெட்டு அடிப்பது. நினைவு மலரைத்தான் சொல்கிறேன். அந்தச் சின்னப் புத்தகம் இல்லாமல் யாழ்ப்பாணத்தவர் யாரும் முறைப்படி இறந்ததாகக் கணக்கில்லையே! அச்சகக்காரரிடம் அச்சு வாசகம் தயாராக இருந்தது. ஊரை மாற்றினால் போதும். “சான்டோ டொமிங்கோவைப் பிறப்பிடமாகவும், பொண்டியை வதிவிடமாகவும் கொண்ட அமரர் ரமோன் அவர்கள்...”

முதல் பக்கத்தில் வழக்கம்போல் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, அவரு கத்தோலிக்கரு. மாதா படம் போடச் சொல்லு” என்றார் மொனிக் மேடம்.

“மாதாவையும் போடுவம் மேடம். பிள்ளையாரை இனி எழுப்பேலாது” என்றார் குலம் அண்ணை.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அச்சானார்கள். உண்மையான யுத்தம் அடுத்த பக்கத்தில்தான்.

கல்வெட்டு என்றால் உறவுமுறைப் பட்டியல் வேண்டுமே! இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மருமகனும்... ரமோனுக்கு லா சப்பலில் சொந்தக்காரர் யார்? நாங்கள்தான். அப்படியானால் நாங்கள் என்ன முறை?

குலம் அண்ணை “உடன்பிறவாச் சகோதரர்” என்ற இடத்தை முதல் நாளே பிடித்துவிட்டார். எபினே சிவா அண்ணைக்கு அது பொறுக்கவில்லை.

“எனக்கு ரெண்டு தரம் வீடு மாத்தித் தந்தவர். உங்களுக்கு ஒருக்கால்தானே?”

“அதுக்கு?”

“என்னை மைத்துனர் எண்டு போடுங்கோ.”

போட்டோம். மறுநாள் பொண்டியிலிருந்து சிவா அண்ணையின் தங்கை புருஷன் போன் எடுத்தார். “தங்கச்சி, ரமோன் சிவாவுக்கு மைத்துனர் எண்டால், அவர் கட்டினது ஆரை? நான் இன்னும் உயிரோடைதான் இருக்கிறன்!”

சிவா அண்ணையைச் சகலன் ஆக்கினோம். இப்போது அவருடைய மனைவியின் தங்கைதான் கதையில் மாட்டிக்கொண்டார். நல்லவேளை, அவர் கனடாவில்.

பேஸ்பால் டீம் மொத்தமும் பெறாமக்கள், அதாவது அண்ணன் தம்பி பிள்ளைகள் முறை. நானும்தான். புரூஃப் வந்தபோது என் பெயரில் ஒரு எழுத்து பிழை. விடுவேனா? நேரே அச்சகத்துக்குப் போய், பக்கத்தில் நின்று திருத்தவைத்தேன். மொத்தம் முப்பத்தேழு பெயர்கள். இருநூறு பிரதிகள். பிழையே இல்லை!

விழாவுக்கு ரமோனின் மகள் இனேஸை அழைத்ததும் நான்தான். லீல் நகரில் தாதியாக வேலை. பெற்றோர் பிரிந்தபின் அம்மாவோடு வளர்ந்தவள். “அப்பாவின் பழைய கையுறை என்னிடம் இருக்கிறது, கொண்டுவரட்டுமா?” என்று கேட்டாள். கமிட்டி துள்ளிக் குதித்தது. கேட்சரின் கையுறை! குலம் அண்ணை கடையின் கண்ணாடி அலமாரியில் பிரஷர் குக்கருக்கும் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் நடுவே இடம் ஒதுக்கிவிட்டார். கேட்டுப் பார்ப்போம் என்றுகூடத் தோன்றவில்லை. கொண்டுவருகிறாள் என்றால் தரத்தானே?

விழா தொடங்கியது. முகமூடியோடு இருந்த ரமோன் படத்துக்கு மாலை போட்டோம். காற்றில் விளக்கு எரிய மறுத்தது. இனேஸ் முன்வரிசையில், கையுறையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் நான், மொழிபெயர்ப்பாளர்.

தலைக்கு இரண்டு நிமிடம்தான் பேச்சு. நம் ஆட்களின் இரண்டு நிமிடம் உங்களுக்குத் தெரியும்.

குலம் அண்ணை பிரிஜ் கதையைச் சொன்னார். ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை, ரமோன் முதுகில் பிரிஜ். “என்ர மனிசி உள்ளுக்கை ஆட்டிறைச்சியை எடுக்க மறந்துபோனா. அவர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. கீழை வந்துதான் கேட்டார், உள்ளுக்கை ஆடு முழுசாவோ நிக்குது எண்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். இனேஸ் சிரிக்கவில்லை. “அது என்ன நாள்?” என்றாள்.

“ஞாயிறு” என்றேன்.

அடுத்து சிவா அண்ணை. சோபா ஜன்னலில் மாட்டிக்கொண்ட கதை. “அது?” ஞாயிறு. மொனிக் மேடத்தின் பியானோ? அதுவும் ஞாயிறு. ஞாயிறுதானே நமக்கு வீடு மாற வசதி? நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

நாலாவது கதை முடிந்தபோது இனேஸ் மெதுவாகச் சொன்னாள். “என் சின்ன வயதில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, அப்பா என்னைப் பார்க்க லீலுக்கு வரவேண்டிய நாள். நீதிமன்றம் கொடுத்த நாள். பாதி நாட்கள் வரமாட்டார். போன் பண்ணுவார், ஒருவருக்கு அவசர உதவி என்று. யார் அந்த ஒருவர் என்று பார்க்கத்தான் வந்தேன்.”

சுற்றிப் பார்த்தேன். அந்த ஒருவர், நாற்பது பேராக எதிரே உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பதற்றத்தில் கையிலிருந்த கல்வெட்டை நீட்டினேன். உறவுப் பக்கம் திறந்துகொண்டது. இது என்ன என்று கேட்டாள். குடும்பத்தார் பட்டியல் என்றேன் — வாய் முந்திவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

“இதில் என் பெயர் எது?”

அந்த நொடியில்தான் எனக்கும் தெரிந்தது. இல்லை. சகோதரர், சகலன், பெறாமக்கள், “மற்றும் மிக்சர் உபயம்” எல்லாம் இருக்கிறது. மகள் இல்லை. முப்பத்தேழு பேரும் புரூஃப் பார்த்தோம்... யாருடைய பெயரைப் பார்த்தோம்? அவரவர் பெயரை!

என் விரல் தானாகப் போய் ஒரு பெயரைத் தொட்டது. என் பெயரை. நன்றாகத் திருத்தப்பட்ட, பிழையில்லாத என் பெயரை. “இதுதான்” என்றேன்.

அவள் முகம் மாறியது. அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். போனில் படம் எடுத்தாள். “எவ்வளவு அழகாக இருக்கிறது! மணிக்கட்டில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன்.”

போச்சு! ஒரு தாதி ஆயுள் முழுக்க மணிக்கட்டில் “ஆரணி” என்று என் பெயரைச் சுமந்து லீல் ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதா? பொய் சொல்லத் துணிவு வேண்டும். அதைத் தொடர அதைவிட அதிகம் வேண்டும். என்னிடம் அவ்வளவு ஸ்டாக் இல்லை.

“மன்னித்துவிடு. அது என் பெயர். உன் பெயர் இதில் இல்லை.”

அவள் கல்வெட்டை மூடினாள். கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னவாம் பிள்ளை?” என்று குலம் அண்ணை ஓடி வந்தார். சொன்னேன். நாற்பது பேரும் கல்வெட்டைத் திறந்தார்கள். முதல்முறையாக மற்றவர்களின் வரிகளைப் படித்தார்கள். மிக்சர் தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“உங்கள் தவறு இல்லை” என்றாள் இனேஸ். “உயிரோடு இருந்தவரை, நான் இருப்பதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.”

மொழிபெயர்த்தேன். குலம் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

“சொல்லேல்லையோ? ஒவ்வொரு மாடியிலையும் பிரிஜ்ஜை இறக்கி வைச்சிட்டு, பொக்கற்றாலை இந்தப் பிள்ளையின்ர படத்தை எடுத்துக் காட்டுவார். அதாலைதானே கீழை வர ஒரு மணித்தியாலம்! முன்பல்லு ரெண்டும் விழுந்த படம்.”

“ஸ்விம்மிங்ல மெடல் வாங்கின போட்டோ கூட இருக்குமே, சிவப்புத் தொப்பி போட்டுக்கினு?” என்றார் மொனிக் மேடம்.

“தாதிப் படிப்பு முடிச்ச அண்டைக்கு லா சப்பல் முழுக்க சொக்லேட் குடுத்தவர்” என்றார் சிவா அண்ணை. “எனக்குச் சீனி வருத்தம் எண்டாலும் விடேல்லை.”

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எழுதத்தான் இல்லை. மகளின் பெயரை யாராவது கொடுத்திருப்பார்கள் என்று முப்பத்தேழு பேரும் நம்பியிருந்தோம்.

இனேஸ் கேட்டாள். “படத்தைக் காட்டினால் போதுமா?”

குலம் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். “போதாது பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வா எண்டு கூப்பிட்டது நாங்கள்தான். வீட்டிலை பிள்ளை பாத்துக்கொண்டிருக்குமே எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.”

அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

பிறகு? பேனாக்கள் வந்தன. இருநூறு பிரதிகளிலும் கையால் எழுதினோம் — முதல் வரிக்கும் மேலே, குலம் அண்ணைக்கும் முன்னால்: “இனேஸின் பாசமிகு தந்தையும்...” ஒரு பிரதியில் அவளே எழுதினாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, சறுக்குமரம் போன்ற ஒரு “னே” போட்டாள். அதைத்தான் பச்சை குத்தப்போகிறாளாம்.

கையுறையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அவள் அதைக் கையில் மாட்டிப் பார்த்தாள். இரண்டு கை நுழையும் அளவு பெரிது. நான் பந்தைப் போட்டேன். பிடித்துவிட்டாள்! “சிக்ஸர்!” என்று நாற்பது பேர் கத்தினார்கள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அச்சு அசல் ரமோன்.

கையுறை அவளோடு லீலுக்குத் திரும்பிவிட்டது. கடை அலமாரியில் கையால் எழுதிய ஒரு கல்வெட்டு இருக்கிறது.

ரயிலேற்றும்போது பட்டியலைக் காட்டி, இவர்கள் எனக்கு என்ன முறை என்று கேட்டாள். சொன்னேன்: சித்தப்பா, பெரியப்பா, அண்ணன், அக்கா... குலம் அண்ணை குறுக்கிட்டார். “முறையெண்டால் முறைதான். இனி நாங்கள் ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பம் எண்டு சொல்லு.”

போன ஞாயிறு காலை முதல் மாலை வரை அவளுக்கு முப்பத்தொரு அழைப்புகள். சாப்பிட்டாயா, லீலில் குளிரா, கலியாணம் எப்போது...

மாலையில் எனக்கு மெசேஜ் வந்தது: “உங்கள் ஆட்களுக்கு வேறு நாளே கிடையாதா?”