துரை வேடம்

நார்வேயில் பனிக்காலச் சனிக்கிழமைகளில் வளர்ந்த மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இருபது முகப் பகடையை உருட்டி, "நான் குள்ளன், கையில் கோடரி" என்று தீவிரமாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆளுக்கொரு பாத்திரம், கதையைப் பேசிப் பேசியே நடத்த வேண்டும். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது நான்கு வருடமாக நானே அங்கே மந்திரவாதி.

போன மாதம் தோழி இங்ரிட்டுக்கு அலுத்துவிட்டது. "டிராகன் போதும், வேறு விளையாட்டு பார்ப்போம்" என்றாள். விண்வெளி ஒன்று, துப்பறிதல் ஒன்று. மூன்றாவதில் சாதாரண மனிதர்களின் வாழ்க்கை; மேசையில் ஒருவருக்காவது தெரிந்த ஊரில் கதை நடக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உன் தேயிலை மலை!" நான் விண்வெளிக்குத்தான் கை தூக்கினேன், தோற்றேன். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் வேடமும் என் தலையில் விழுந்தது. வந்த புதிதில், என் அப்பா தோட்டத்துத் துரை என்று இவர்களிடம் அளந்துவிட்டிருந்தேன். உங்களுக்குச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நான் இலங்கையில் கம்பளைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் இறந்துபோன பிறகு, அக்கா கொழுந்து பறித்துத்தான் என்னைக் கண்டியில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தாள். பதினொரு வயதில், விடுமுறைக்கு வந்த என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி, மழைக்குள் ஒரே குடையில் நடத்திக் கூட்டிப்போனாள். வளைவில் துரையின் ஜீப் சத்தம் கேட்டதும் குடையை மடக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் இறங்கி நின்றாள்.

"ஏன்கா மடக்குற? நனையுறோமே!"

"தொரை வர்றாருடா. பேசாம நில்லு."

ஜீப் நிற்காமல் போனது. துரை எங்களைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது.

போன சனிக்கிழமை ஆட்டத்தில் இங்ரிட் கொழுந்து பறிக்கிற பெண். மழை, வளைவு, ஜீப் எல்லாவற்றையும் நானே விவரித்தேன். அவள் குடையோடு நடந்து வருவதாகச் சொன்னாள். "குடையை மடக்கு" என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, அச்சு அசல் துரை.

"இது விதியில் இருக்கிறதா?"

"இல்லை. வழக்கம்."

பகடையை உருட்டினாள். பத்தொன்பது; பெரிய எண் விழுந்தால் சொன்னது நடக்கும். "மடக்கமாட்டேன். ரோட்டு நடுவில் நிற்கிறேன்." மற்ற இருவரும் கைதட்டினார்கள். இங்ரிட் என் பக்கம் திரும்பினாள். "ஜீப் நின்றுவிட்டது. துரை, என்ன செய்யப் போகிறாய்?"

அந்த நேரம் பார்த்து அக்காவின் வீடியோ அழைப்பு.

"என்னடா செய்ற?"

"விளையாடுறோம்கா. தேயிலைத் தோட்டம் மாதிரி ஒரு வெளையாட்டு."

"அடப்பாவி! இங்க நாங்க முதுகொடியுறோம், ஒங்களுக்கு வெளையாட்டா? அதுல நீ யாரு, கங்காணியா?"

"தொரை."

அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சரி, நல்ல தொரையா இரு. ஆளுங்கள மழையில நிக்க வைக்காத."

இங்ரிட் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். "யார் இவர்?"

"எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்த இந்த நாக்கை என்ன செய்வது? மொழி புரியாத அக்கா, தம்பி தன்னை அறிமுகப்படுத்துகிறான் என்று நினைத்து, முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையாலும் கும்பிட்டாள்.

அழைப்பு முடிந்ததும், வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமாம். அந்த வளைவில் மழை பெய்துகொண்டிருக்கிறது. இங்ரிட் குடையோடு நிற்கிறாள். நான் இன்னும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.