யானையில் போட்ட குறி

பஸ் ஸ்டாண்டில் நின்று, "இது சேத்தியாத்தோப்பு போகுதா?" என்று யாரையும் கேட்கக் கூடாது. போர்டை நானே படித்து ஏற வேண்டும். இந்த வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்தது அதற்குத்தான். கேட்டால் சொல்லாதவர்கள் இல்லை. எனக்குத்தான் கேட்கப் பிடிக்காது.

சாயங்காலத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு. எழுத்தெல்லாம் பிடிபட்டு, சொற்களும் வாயில் வரத் தொடங்கிய நேரத்தில் புது டீச்சர் வந்தார். வந்ததும் ஒரு தேர்வு. யாருக்கு எது வரவில்லை என்று போனில் ஏற்றிப் பார்த்து, அதற்குத் தக்கபடி பாடம் நடத்துவாராம். நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தாளில் இருபது படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு சொற்கள். பானைப் படத்தின் கீழே பானை, யானை.

"நல்லா பாத்து குறி போடுங்க" என்றார். நிதானமாகப் பார்த்துத்தான் போட்டேன்.

மறுநாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஆயா, உங்களுக்கு இருபதுக்கு சைபர். முன்வரிசைக்கு வந்துடுங்க. அ, ஆ-லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

என்னோடு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்த இன்னொருத்திக்கும் சைபர். மற்றவர்கள் பின்வரிசையில் கதை படிக்கப் போனார்கள்.

"யக்கா, நம்ம மண்டையில களிமண்ணுதான் போல."

"களிமண்ணா இருந்தா சூளையில வெச்சு எடுத்துருப்பாங்க. சும்மா கெட."

தாளைக் கேட்டு வாங்கினேன். குறி யானையில் இருந்தது. பார்த்ததும் விளங்கிவிட்டது. சூளையிலிருந்து வரும் சாமான்களை முப்பது வருடம் பிரித்துப் போட்ட கைகள் எங்களுடையவை. நல்ல கோப்பையில் ஒரு கோடு படக் கூடாது. வெடித்ததில்தான் சிவப்புப் பென்சில் வைப்போம். இருவரும் படத்துக்குச் சேராத சொல்லாகத் தேடித் தேடிக் குறி போட்டிருக்கிறோம்.

டீச்சரிடம் சொன்னேன். "ஒண்ணுமே தெரியாதவ கண்ண மூடிக்கிட்டு போட்டாக்கூட பாதி சரியா வுழும். ஒண்ணுகூட வுழலன்னா, இருபதும் தெரிஞ்சவன்னுதானே அர்த்தம்? அதச் சொல்லலியா ஒங்க போனு?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. புதுத் தாள் கொடுத்தார். இருபதும் சரி.

"ஆனா ஏத்துனது ஏத்துனதுதான் ஆயா. மாத்துறதுக்கு எனக்கு வழியில்ல. அடுத்த தேர்வு வரைக்கும் உங்களுக்கு அ, ஆ பாடந்தான் காட்டுது."

"பாடம் எனக்கா, போனுக்கா?"

மூன்று மாதம் முன்வரிசையில் உட்கார்ந்து அ என்றேன், ஆ என்றேன். ஒருநாள் பின்வரிசைக்காரி ஒருத்தி கரும்பலகையைப் பார்த்து, "விரு... விருந்..." என்று இழுத்துக்கொண்டிருந்தாள். பொறுக்கவில்லை.

"விருந்தாளி" என்றேன்.

"ஆயா, நீங்க உங்க வரிசையப் பாருங்க" என்று டீச்சர் அ அட்டையை என் முன்னால் தூக்கிக் காட்டினார்.