சாட்சிக்கு வந்த தம்பி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பெப்ரவரி மாதச் சனிக்கிழமை மத்தியானம், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இது நடந்தது. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நகரசபையிலிருந்து இன்னொரு கடிதம் வரும். எனக்கு இந்தப் பிறவிக்கு வந்த கடிதங்களே போதும்.

நான் இருப்பது பாரிஸுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிக்கவைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுக்கிற வேலை. விடிய ஆறு மணிக்கு ஒரு வீடு, எட்டரைக்கு வேறு ஊரில் இன்னொரு வீடு. பஸ்ஸை நம்பி இந்த வேலை செய்ய ஏலாது. கார் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. அந்தக் காரும் வளர்ந்துவிட்ட என் மகளைவிட இரண்டே வயதுதான் இளமை. அதை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்கு மரக்கறி வாங்கத்தான் வந்தேன். ஊற்றுகிற மழை. தெருவில் தண்ணீர் நின்றதால் பள்ளம் இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று ஒரு சத்தம், கார் ஒரு பக்கமாக இறங்கி ஏறியது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். இறங்கிப் பார்த்தால் முன்சில்லு ஒன்றில் ரயர் கிழிந்து றிம்மும் வளைந்திருந்தது. மழையில் நின்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காரையே திட்டினேன்.

எதிரில் இருந்த கடை வாசலில் வாழைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் பத்து வருடமாக மரக்கறி வாங்குவது அந்தக் கடையில்தான், நிறுத்துத் தருவது அவர்தான். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். இதில் விசேஷம் ஒன்றுமில்லை. லா சப்பலில் என்னைவிட இளமையாகத் தெரிகிற ஆண்கள் எல்லாரும் எனக்குத் தம்பிமார்தான், மற்றவர்கள் எல்லாரும் அண்ணைமார். சொந்த ஊரில் நாங்கள் மூன்று பெண்பிள்ளைகள், கூடப்பிறந்த ஆண் ஒருவரும் இல்லை. லா சப்பல் வந்த பிறகுதான் இந்தப் பஞ்சம் தீர்ந்தது.

அந்தத் தம்பி மழையில் நனைந்தபடி சில்லைக் கழற்றி, காருக்குப் பின்னால் கிடந்த மற்றச் சில்லைப் பூட்டித் தந்தார். படம் எடுத்து வையுங்கோ அக்கா, உதவும் என்றார். பள்ளத்தின் ஆழம் படத்தில் தெரியவில்லை என்று கடைக்குள் போய் ஒரு முருங்கைக்காய் கொண்டுவந்து, தண்ணீரைக் கடை கூட்டுகிற தும்புத்தடியால் தள்ளிவிட்டு, அதைப் பள்ளத்துக்குள் நிமிர்த்திப் பிடித்தார். நானும் எடுத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு மெத்தப் புத்திசாலித்தனமான வேலையாகத்தான் தெரிந்தது.

கராஜ்காரன் காருக்குக் கீழே படுத்து எழும்பி, சில்லு மட்டுமல்ல, அதைத் தாங்குகிற இரும்பும் போய்விட்டது என்றான். அவன் சொன்ன கணக்கு என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. என் காப்புறுதி மலிவானது. நான் யாரையும் இடித்தால் அவர்களுக்குக் கொடுக்கும், எனக்கு ஒன்றும் தராது. வேலை போய்விடும் என்று கடன் வாங்கித்தான் திருத்தினேன். அப்போதுதான் மகள், றோட்டுப் பள்ளத்தால் கார் உடைந்தால் நகரசபையிடம் நட்டஈடு கேட்கலாம் என்று எங்கேயோ வாசித்துச் சொன்னாள்.

கேட்கலாம் என்று சொல்வது சுகம். யாரிடம் கேட்பது? முதல் போன இடத்தில், மடாம், அந்தத் தெருவின் இந்தப் பக்கம்தான் எங்களுடையது, பள்ளம் அந்தப் பக்கம் என்றார்கள். அந்தப் பக்கம் போனால், அந்த இடத்தைத் தோண்டியது தண்ணீர்க் குழாய்க்காரர், அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். குழாய்க்காரருக்குத் தொலைபேசி எடுத்தால் இசை மட்டும் கேட்டது. எல்லாரும் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்கள். பேசி முடிந்து வெளியே வரும்போது எனக்கு நான் எதற்காக உள்ளே போனேன் என்பதே மறந்துவிடும். கடைசியில் ஓர் அலுவலகத்தில் இரக்கப்பட்டு ஒரு பட்டியல் தந்தார்கள்: படம், கராஜ் கணக்கு, நடந்ததை விவரித்து என் கையெழுத்தோடு ஒரு படிவம், நேரில் கண்டவரின் சாட்சிப் பத்திரம்.

சாட்சிக்கு நான் வேறு யாரிடம் போவேன்? தம்பியிடம் கேட்டேன். உடனே ஓம் என்றார். சாட்சி தன் கைப்பட எழுதவேண்டும், அடையாள அட்டை நகலும் வைக்கவேண்டும். அவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு டொசியே, அதாவது விண்ணப்பக் கோப்பு, கொடுத்து எட்டு மாதமாகக் காத்திருக்கிற ஆள். அகதியாக வந்தவர். கையில் இருக்கிற பத்திரத்தோடு ஊருக்குப் போக முடியாது. பதினான்கு வருடமாகத் தாயைக் காணவில்லை. குடியுரிமை கிடைத்த அடுத்த கிழமையே பறந்துவிடுவேன் என்று தக்காளி நிறுக்கும்போதெல்லாம் சொல்வார். அப்படிப்பட்டவர் எனக்காக ஒரு அரசாங்கக் கடதாசியில் கையெழுத்து வைக்கிறாரே என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவர் ஒட்டித் தந்த கடித உறையை அப்படியே மற்றக் கடதாசிகளோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மகள்தான் உடைத்து வாசித்தாள். வாசித்துவிட்டு நிமிர்ந்து, உனக்குத் தம்பி ஒருத்தர் இருக்கிறாரா அம்மா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். கடிதத்தில் இரண்டு விஷயம். ஒன்று, படத்தில் பள்ளத்துக்குள் நிற்கிற பச்சைப் பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள். மற்றது, சாட்சி சொன்னவருக்கும் எனக்கும் உறவு இல்லை என்று நான் என் படிவத்தில் எழுதியிருக்கிறேன். சாட்சியோ தன் பத்திரத்தில், உறவு உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று குறித்து, பக்கத்தில் சகோதரர் என்று எழுதியிருக்கிறார். இரண்டில் ஒன்று பொய். அதற்குக் கீழே, பொய்ச் சாட்சிக்குச் சிறையும் தண்டப்பணமும் உண்டு என்று ஒரு வரி.

காசு போனால் போகட்டும், இந்தப் பிள்ளையின் டொசியேயை நான் குழப்பிவிட்டேனே என்று தலையில் கைவைத்து இருந்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய் காலுக்கு முன்னால் ஓடும். அடுத்த ரயிலில் ஏறி நேரே கடைக்குப் போனேன். வெங்காயம் வாங்க வந்தவர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“ஏன் தம்பி இப்பிடி எழுதினனீர்? எப்ப நீர் எனக்குக் கூடப்பிறந்தனீர்?”

அவர் திகைத்துப்போனார். “சொந்தக்காரன் சொன்னாத்தானே அக்கா நம்புவினம்? றோட்டாலை போறவன் சொன்னா ஆர் கேக்கிறது?”

அவர் சொன்னதில் எங்கள் ஊர் நியாயம் இருந்தது. எங்களுடைய ஊரில் ஒரு அலுவலுக்குப் போவதென்றால் மாமனோ மச்சானோ கூடப் போய்த்தான் கதைப்பார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் வந்து பேசினால், இவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் பார்ப்பார்கள். இங்கே அப்படியே தலைகீழ். கடிதத்தின் கடைசி வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தராசில் இருந்த கத்தரிக்காயை எடுப்பதும் திருப்பி வைப்பதுமாக நின்றார். தன் டொசியேக்கு ஏதும் வருமோ என்று மெல்லக் கேட்டார். வராது என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? சும்மா சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். அவர் முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டு, இருப்பதில் நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நட்டஈடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அந்தப் பத்திரத்தைத் திருப்பி வாங்கினால் போதும் என்பதுதான் என் எண்ணம். மேசைக்கு அந்தப் பக்கம், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்ட ஒரு பெண். எங்கள் டொசியேயை விரித்துவைத்து, இவர் உங்கள் தம்பியா என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வாயில் வந்துவிட்டது, நான் என்ன செய்ய. உடனே இல்லை என்றேன். பிறகு, தம்பி மாதிரி என்றேன். எங்களில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், இது மரியாதை, என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்க வெளிக்கிட்டு, எங்கே தொடங்கினேன் எங்கே முடிப்பது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மடாம், படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது, ஆம், இல்லை, என்றார்.

இல்லை என்றேன்.

கலியாண வழியில் ஏதும்? இல்லை. ஒரே இடத்தில் வேலையா? இல்லை. ஒரே வீட்டிலா? இல்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்துக் கதிரையில் தம்பி இருக்கிறார். அந்த அளவு பிரெஞ்சு அவருக்கு விளங்கும். முழங்காலில் வைத்த கையைப் பார்த்தபடி இருந்தார். அவரைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன் என்று தெரிந்தும், ஒவ்வொரு இல்லையையும் முந்தியதைவிடச் சின்னக் குரலில் சொன்னேன்.

தம்பி விளங்காமல் எழுதிவிட்டார் என்று என்னிடமிருந்து ஒரு விளக்கக் கடிதம் வந்தால், பழையதைத் தவறாக எழுதப்பட்டது என்று ஒதுக்கிவிடலாம், இதற்காக யாரும் யாரையும் பிடிக்கப்போவதில்லை என்றார் அந்தப் பெண். புதுப் பத்திரம் ஒன்றும் பேனையும் தம்பியின் முன்னால் வைத்தார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப, நான் உங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு எழுதட்டே அக்கா?”

“எழுதும் தம்பி” என்றேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அந்தப் பெண் வாங்கி வாசித்துவிட்டு, முருங்கைக்காய் என்பது சமைத்துச் சாப்பிடுகிற மரக்கறி என்பதையும் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, டொசியேயை மூடினார். மூடிய பிறகு, இது படிவத்துக்கு இல்லை, எனக்குத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்று தம்பியைப் பார்த்தார். இந்த மடாமுக்கு நீங்கள் ஒன்றுமே இல்லை என்றால், வேலையை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தீர்கள்?

“ஸே நோர்மால்” என்றார் தம்பி. அது வழமைதானே என்று அதற்குப் பொருள். அந்தப் பெண் தலையை ஆட்டினார். விளங்கித்தான் ஆட்டினாரோ, எனக்குச் சந்தேகம்தான்.

வெளியே வந்ததும், கோபமோ என்று கேட்டேன். கடதாசிக்குத்தானே அக்கா, விடுங்கோ என்று சொல்லிவிட்டு, முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார் என்று கடைப்பக்கம் ஓடிவிட்டார். நான் ரயிலில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி இருந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அந்த நேரம் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

இலையுதிர் காலத்தில் பதில் வந்தது. மழையில் நான் இன்னும் மெதுவாக ஓடியிருக்க வேண்டுமாம், அதனால் பாதிதான். அந்தப் பாதியும் நான் மிச்சம் பிடித்ததும் சேர்ந்து, காரைத் திருத்த வாங்கிய கடன் தீர்ந்தது. தம்பியின் டொசியேக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை. ஆனால் அது வராது என்று தெரியும்வரை, அவர் கடையில் இல்லாத ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் எங்கே என்று முதலாளியிடம் விசாரிக்காமல் நான் திரும்பியதில்லை. போன வருடம் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. தாயைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் சொந்தக்காரன் சொன்னால் நம்புகிறார்கள், இங்கே சொந்தமில்லாதவன் சொன்னால் நம்புகிறார்கள், இதில் எது சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால், இவருக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்காகத் தன் கைப்பட ஒருவர் எழுதித் தந்தாரே, அதைப்போல ஒன்றை என் சொந்தபந்தத்தில் யாரும் இதுவரை எனக்கு எழுதித் தந்ததில்லை.