கோட்டுப் போட்ட தாத்தா

பிரிக்பீல்ட்ஸ் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். அட்டையில் இருந்தவர் என் தாத்தா. படத்துக்குக் கீழே, பிரேசில் நாட்டு எழுத்தாளர், அரசியல்வாதி என்று போட்டிருந்தது.

கிள்ளான் வீட்டில் எங்கள் சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அதே படம். அதே கோட்டு, அதே முறுக்கு மீசை. தீபாவளிக்கு முதல் நாள் அப்பா அந்த நெற்றியில் விபூதி பூசுவார். ஆட்டுக்கறிப் பிரட்டலும் ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் படைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

"தாத்தா சாப்பிடுறாரு, சத்தம் போடாதீங்க."

சாம்பிராணியும் கறியும் கலந்த வாசனையில் பசியோடு காத்திருப்போம். எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவிய தாத்தாவுக்குக் கோட்டு ஏது என்று ஒருவருமே கேட்டதில்லை.

அம்மாவுக்குப் போன் செய்து, சாமி அறைப் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஏதோ இங்லிஷ் புக்குல வந்த படம் லா," என்றார் அம்மா, சர்வ சாதாரணமாக. "உங்கப்பாதான் வெட்டி பிரேம் போட்டாரு. அவரு கைக்குழந்தையா இருக்கும்போதே தாத்தா போயிட்டாரு. ஒரு போட்டோகூட கிடையாது. மீசை இப்படித்தான் இருக்கும்னு எஸ்டேட்ல யாரோ சொன்னாங்களாம்."

"அப்போ இத்தன வருசமா நாம யாரைம்மா கும்பிட்டோம்?" என்று கத்தினேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"உன் தாத்தாவத்தான். வேற யார?"

அட்டையை மறுபடி பார்த்தேன். விபூதி இல்லாத நெற்றியோடு, அவர் இப்போது யாரோ மாதிரி இருந்தார்.