இரும்பு திரும்பி வரும்

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட அதிபர் வந்து, "நகுலா டீச்சர் செத்துப்போனாவாம்" என்றார். முந்தினநாள்தான் தொலைபேசியில் என்னோடு சண்டை பிடித்தவர். அதன்பின் நான் போட்ட கோடு ஒன்றும் நேராக வரவில்லை.

உடையார்கட்டு ஊரில் செத்தவீட்டுக்குக் கூடிய எங்களுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. காரணம் ஒரு திறப்பு, அலுமாரிச் சாவி. அவரோடு படிப்பித்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. உடற்கல்வி ஆசிரியரான நான் மாதக்கணக்கில் வெயிலில் தொண்டை கிழியக் கத்தி ஒழுங்குசெய்தது. பரிசுக் கிண்ணங்கள் விஞ்ஞானகூடத்து இரும்பு அலுமாரிக்குள். திறப்பு விஞ்ஞானம் படிப்பித்த நகுலா டீச்சரிடம். தொடக்கத்தில் பறக்கவிட ஹீலியம் என்கிற ஈலிய வாயு அடைத்த பலூன்களும் வந்திருந்தன. எதனோடும் சேராத விழுமிய வாயுவைப் பிள்ளைகளுக்குக் காட்ட அவருக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

தரம் பத்துப் பிள்ளைகளை வெளியே மைதானத்துக்குக் கூப்பிட்டு, திறப்பை அங்கிருந்த மேசையில் தட்டினார். "சத்தம் கேட்குதோ? மினுங்குது, வெயிலில வைச்சால் சுடும். இது உலோகம். ஈலியத்துக்கு நிறமில்லை, மணமில்லை, தட்டினாலும் சத்தமில்லை. ஆனா காத்தைவிடப் பாரம் குறைவு. இரும்பையே தூக்கும், பாருங்கோ."

ஒரு பலூனில் கட்டினார். திறப்பு அசையவில்லை. இன்னொன்றையும் சேர்க்க மெல்ல எழும்பியது. அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் கைதட்டியதும் மூன்றாவதையும் கட்டினார். நூல் கைநழுவியது.

"திறப்பு எங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"மேல, சேர். பதறாதேங்கோ. ஈலியம் றப்பருக்குள்ளால கசிஞ்சுபோகும். இரும்பு திரும்பி வரும். நாளைக்கெண்டாலும் வரும்."

"பிரதம விருந்தினர் நாளைக்கோ வாறார்?"

ஆத்திரத்தில் அலுமாரியை உதைத்தேன். அலுமாரிக்கு ஒன்றும் ஆகவில்லை, என் பெருவிரல்தான் வீங்கியது. "உலோகத்தின்ர வன்மையையும் படிச்சிட்டீங்கள்" என்று சொல்லி ஐஸ் கட்டியை நீட்டினார்.

மிச்சப் பலூன்களைப் பறக்கவிடாமல் மறித்தவரும் அவர்தான். விருந்தினர் வென்றவர்களுக்குக் கிண்ணத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு பலூன் கொடுத்தார். நூறு மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளை, தனக்குக் கிண்ணம் வேண்டாம், இதுவே போதும் என்றாள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

சில நாள் கழித்து உருத்திரபுரத்து விவசாயி ஒருவர் சைக்கிளில் வந்தார். திறப்பில் தொங்கிய அட்டையில் பள்ளிக்கூடப் பெயரைப் பார்த்தாராம். சுருங்கிய பலூன்களோடு வயல் வரம்பில் கிடந்ததாம். டீச்சர் அதை வாங்கி என் மேசையில் தட்டினார்.

"கேட்குதோ சேர்? சொன்னனான்தானே."

"பூட்டை உடைச்சு மாத்தியாச்சு, டீச்சர்."

"அப்ப இது உங்களுக்குத்தான்."

இன்றும் அது என்னிடம் இருக்கிறது. எந்தப் பூட்டையும் திறக்காது. செத்தவீட்டால் வந்து அதை மேசையில் ஒருமுறை தட்டினேன். இரும்பு திரும்பி வரும் என்றீர்கள், வந்தது. நீங்கள் திரும்பி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்களே, டீச்சர்.